பேர் போடாத வழக்கு

உட்காருங்க ஐயா என்று அந்த ஆள் சொன்ன விதமே செங்கோடனுக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு மரியாதை எதற்கு? முன்சீப் கோர்ட்டிலிருந்து ஹைகோர்ட் வரைக்கும் ஏறி இறங்கியதில் எந்த டவாலியாவது அவரை உட்காரச் சொல்லியிருக்கிறானா? அங்கே நிற்க வேண்டும். தூணில் சாய்ந்தால் முறைப்பான், செருப்பு சத்தம் போட்டால் முறைப்பான். அந்த முறைப்பில் ஒரு நேர்மை இருந்தது. இங்கே சட்டத் துறை என்று போர்டு மாட்டிவிட்டு, பெஞ்சைத் துணியால் துடைத்து, தலைக்கு மேல் மின்விசிறியைச் சுழலவிட்டு, தண்ணி வேணுங்களா டீ வேணுங்களா என்று கேட்கிறான். எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீலின் குமாஸ்தா வாங்கிக் கொடுத்த டீயை ஒருநாள் வெயில் தாங்காமல் குடித்துத் தொலைத்தார். அன்றைக்கு மத்தியானமே வாய்தா தள்ளிப்போனது. டீக்கும் வாய்தாவுக்கும் என்னங்க சம்பந்தம் என்று வீட்டுக்காரி பாவாயி கேட்டாள். அவள் எதற்குத்தான் சம்பந்தம் உண்டு என்று ஒத்துக்கொண்டாள்? தடத்தை மறித்துச் சுவர் கட்டினது அவள் அண்ணன். வாழ்ந்தது இவரோடு. இருபது வருஷமாகச் சோற்றைப் போட்டுவிட்டு, எந்தப் பக்கமும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்பிள்ளையிடம் எதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது. எதிரே அடைத்திருந்த கதவில் பால் நிறக் கண்ணாடி. உள்ளே நிழல்கள் அசைந்தன. அதில் ஒரு நிழல் இளவரசி. பெற்ற மகளின் நிழலையே எது என்று அடையாளம் தெரியாதபடிக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். மறைக்க ஒன்றும் இல்லாத இடத்துக்கு இப்படி ஒரு கண்ணாடி எதற்கு? பட்டறையில் எத்தனையோ வருஷம் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்த கண், அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு பச்சைப் பொட்டு மிதக்கும். இப்போது அந்தப் பொட்டு சரியாகக் கதவின் கைப்பிடி மேல் உட்கார்ந்திருந்தது.

எம்.எல். படிப்பது என்றால் வக்கீலுக்குப் படித்தது போதாமல் இன்னும் கொஞ்சம் படிப்பது என்றுதான் அவர் நினைத்திருந்தார். கடைசி வருஷம் ஒரு ஆய்வேடு எழுத வேண்டும், அதைப் புத்தகம் மாதிரிக் கட்டி இந்தக் கட்டடத்து நூலகத்தில் வைப்பார்கள் என்று இளவரசி சொன்ன அன்றைக்குத்தான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை நாளைக்கு வெச்சிருப்பாங்க கண்ணு? அது பாட்டுக்கு இருக்குமுங்கப்பா, எப்ப வேணாலும் யாரு வேணாலும் எடுத்துப் படிக்கலாம். எதைப் பத்தி எழுதோணும்? தட வழக்கு பத்தி எழுதலாம்னு இருக்கறனுங்கப்பா, வண்டித் தடத்துக்காகச் சொந்தக்காரங்களுக்குள்ளயே எதுக்கு வருஷக்கணக்கா கோர்ட்டுக்குப் போறாங்கன்னு, நம்ம வழக்கும் அதுல வரும். அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தூக்கம் நன்றாக வந்தது. தீர்ப்பில் கிடைக்காதது புத்தகத்தில் கிடைக்கப்போகிறது. பட்டறைக்கு வந்த ஒரே தடத்தின் குறுக்கே சுவர் எழுப்பி, பாடி கட்ட வரும் சேசிஸ் வண்டி உள்ளே திரும்ப முடியாமல் செய்து, லாரிக்கு பாடி கட்டிக்கொண்டிருந்தவனை மரக்கடையில் கணக்கப்பிள்ளைக்குக் கீழே கூலிக்கு நிற்க வைத்த அர்த்தநாரியின் பேர், இனிமேல் வரப்போகும் வக்கீல் பிள்ளைகள் எல்லாம் புரட்டிப் பார்க்கும்படி அச்சில் ஏறப்போகிறது. அர்த்தநாரி, தகப்பன் பேர், ஊர் பேர் சகிதமாக. ஆனால் பிறகுதான் ஒவ்வொன்றாக விதி வந்தது. முதலில் தலைப்பு, இதுவரைக்கும் வேறு யாரும் எழுதாததாக இருக்க வேண்டுமாம். சரி. வழிகாட்ட ஒரு பேராசிரியர் ஒத்துக்கொள்ள வேண்டுமாம். சரி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில் ஆதாரம் எழுத வேண்டுமாம். இன்னொருத்தர் எழுதினதை எடுத்துப் போட்டால் கம்ப்யூட்டர் பிடித்துவிடுமாம். அதுவும் சரி, கோர்ட்டில் அப்படி ஒரு கம்ப்யூட்டர் இருந்திருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்துவிட்ட பொய்யெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும். அடுத்துச் சொன்னதுதான் இடித்தது. ஆராய்ச்சிக் கேள்விக்குப் பதில் முன்கூட்டியே தெரிந்திருக்கக் கூடாதாம். தெரிந்திருந்தால் அது ஆராய்ச்சி இல்லையாம். ஏன் கண்ணு, நம்ம வழக்குல பதில்தான் தெரியுமே, உங்க மாமன் அயோக்கியன், அதுக்கு மேல என்ன இருக்குது? இளவரசி சிரித்தாள். அது கேள்வியே இல்லீங்களேப்பா என்றாள். சிரித்தது தாயைப் போலவே இருந்தது. தாயைப் போல இருந்தால் தாய்மாமனைப் போலவும் இருக்கும்தானே.

வெளியே வேப்பமரத்தடியில் யாரோ பைக்கை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், கிளம்பவில்லை. பிளக்கில் கரி என்று நினைத்துக்கொண்டார். அவரை இங்கே வரச்சொன்னதுக்கும் ஒரு விதி. தன் தகப்பன் வழக்கையே எழுதுகிறவள் ஒருபக்கமாக எழுதமாட்டாள் என்று என்ன நிச்சயம் என்று, ஆய்வுக்கு அனுமதி கொடுக்கிற குழுவில் யாரோ கேட்டுவிட்டார்களாம். யார் கேட்டது? பேரைச் சொல்லமாட்டேன் என்கிறாள். அதனால் இரண்டு தரப்பையும் விசாரிக்க வேண்டும், இரண்டு பேரிடமும் சம்மதம் வாங்க வேண்டும், அந்தச் சம்மதத்தை மகள் வாங்கக் கூடாது, குழுவிலிருந்து வேறொருவர் தனியாக வாங்க வேண்டும். மகள் கேட்டால் தட்டமாட்டார் என்பதற்காகவாம். மகள் கேட்டு எத்தனையைத் தட்டியிருக்கிறார் என்று இவர்களுக்கு என்ன தெரியும். கையெழுத்துப் போடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சப் கோர்ட்டில் அவருடைய வக்கீலே ஒரு காகிதத்தை நீட்டி, இங்கே போடுங்க, வழக்கமா போடுறதுதான் என்றான். ஐந்தாவது வரைக்கும் படித்தவர் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் வக்கீல் பேனாவைத் திறந்துவிட்டான். போட்டார். பட்டறைக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. சந்து இருந்தது வாஸ்தவம்தான், மாட்டுவண்டி போகும். லாரி போகுமா? வேறு வழி இருக்கிற இடத்தில் அவசியத் தடம் கேட்க முடியாது என்று நீதிபதி எழுதிவிட்டுப் போய்விட்டார். அன்றோடு பேனாவைத் தொடுவதில்லை. சரிங்கப்பா, எழுத இஷ்டமில்லாதவங்க வாயால சொன்னாப் போதுமுங்க, அதுக்கும் விதி இருக்குது, குழுவுல இருக்கற மேடம் முன்னால சொல்லோணும், ரெக்கார்டு பண்ணிக்குவாங்க. எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. ஓட்டை அடைக்கிற மாதிரி ஒன்றுக்குப் பின்னால் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைவிடச் சந்தேகமானது என்னவென்றால், சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், காரணமே சொல்ல வேண்டாம் என்றது. காரணமே இல்லாமலா? கோர்ட்டில் கால் வைத்தவன் காலை எடுக்க வேண்டுமென்றால் செலவுத்தொகை கட்டி, எதிராளியிடம் தலை குனிந்து, அப்புறமும் விடமாட்டார்கள். இங்கே போகலாம் வரலாம் என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்களாம். எலிப்பொறியும் திறந்துதான் இருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது, சங்ககிரி தாண்டி, ஜன்னலோரம் வெயில் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் இளவரசி கடைசி விதியைச் சொன்னாள். எவ்வளவு நாளாக மனதுக்குள் வைத்திருந்தாளோ. பேரு போட முடியாதுங்கப்பா. யாரு பேரு? யாரு பேருமுங்க. உங்க பேரு, மாமா பேரு, ஊரு பேரு எதுவும் வராது, எல்லாருக்கும் மாற்றுப் பேருதான். வெளியே ஒரு லாரி பஸ்ஸை ஒட்டி வந்தது. நெற்றிப் பலகையில் மஞ்சளில் சிவப்புக் கரை கட்டி முதலாளி பேர், அதற்கு இரண்டு பக்கமும் அவன் பிள்ளைகள் பேர். அவர் கட்டிக்கொடுக்காத பாடி, மட்டமான வேலை, பக்கப்பலகை அலை அலையாக இருந்தது. ஆனால் பேர் இருந்தது. பலகை அறுத்து, இரும்பு வளைத்து, கேபினுக்குக் கூரை போட்டு, வண்டி தயாராகி நிற்கும்போது முதலாளி வந்து எதைப் பார்ப்பான்? டயரையா? பேரைப் பார்ப்பான். பெயிண்டர் கடைசி எழுத்துக்கு நிழல் வைக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்று பார்ப்பான். பின் கதவுக்குக் கீழே, சின்னதாக, செங்கோடன் பாடி பில்டர்ஸ் என்று அவருடைய பேரும் போகும்; கல்கத்தாவுக்கும் போனது, அஸ்ஸாமுக்கும் போனது. பேர் போடாத வண்டி திருட்டு வண்டி. பேர் போடாத புத்தகம் மட்டும் என்ன? அப்படீன்னா சுவரு கட்டினவன் யாருன்னு படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று சங்ககிரிக்கு அப்பால் வெகு தூரம் போய்க் கேட்டார். தெரிய வேண்டாமுங்கப்பா, அதுக்காகத்தானுங்களே பேர மாத்தறோம் என்றாள். இன்னைக்குக் குழு ஒத்துக்கலீன்னா தலைப்பையே மாத்தச் சொல்லிருவாங்க, ஒரு வருஷம் போச்சுங்க, நீங்க உள்ள என்ன சொல்றீங்களோ அதுலதான் இருக்குது. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு வருஷம் போனால் போகட்டும் என்று அவளை மறுபடி படிக்க வைக்க வீட்டில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் கடைசி நாளில் சொல்கிறாள். இதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

ஐயா, காலை மேல தூக்கி வெச்சு நல்லா உட்காருங்க, உள்ள இன்னும் நேரமாகும் என்றான் அந்த ஆள், கையில் டீ தட்டோடு கடந்து போனவன். சட்டைப் பையில் பேர் குத்தியிருந்தது, குமரவேல். எல்லாரும் வந்தா உள்ள போற வரைக்கும் எந்திரிச்சு எந்திரிச்சுப் பார்ப்பாங்க, போன வாரம் வந்த பெரியவர் மட்டுந்தானுங்க அசையாம உட்கார்ந்திருந்தார், இதே பெஞ்சு, நீங்க உட்கார்ந்திருக்கற அதே இடம். எந்தப் பெரியவர்? உங்க மக ஆராய்ச்சி விஷயமாத்தானுங்க வந்தார், ஒல்லியா, உசரமா, மீசை பூரா வெள்ளை. செங்கோடன் எழுந்துவிட்டார். பெஞ்சு சூடாக இருந்தது போலத் தோன்றியது. என்னாச்சுங்க? ஒண்ணுமில்ல, முட்டி புடிச்சுக்குது, நின்னாத் தேவலை. டீ குடிச்சானா அவன்? யாருங்க? அந்தப் பெரியவர். ரெண்டு குடிச்சாருங்க, முதல் டீயை ஆத்தாம அப்படியே ஊத்திக்கிட்டு இன்னொண்ணு கிடைக்குமான்னு கேட்டார். ஆமாம், அவன்தான். கடை டீ என்றால் அர்த்தநாரிக்கு இரண்டு. பட்டறையில் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் எதிர்க்கடையிலிருந்து டீ வரும்போதெல்லாம் அவன் தன்னுடையதைக் குடித்துவிட்டு இவருடைய தம்ளரைப் பார்ப்பான். மாப்ள, நீதான் சூடு ஆறின பொறவு குடிக்கமாட்டியே என்பான். என்ன பேசினார்? என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். என்னத்தப் பேசினார், இந்தப் பொண்ணு நல்லாப் படிக்குதுங்களா, வாத்தியாருங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டார், நல்லாப் படிக்குதுங்கன்னேன், அப்படியான்னார், அவ்வளவுதானுங்க. போய்விட்டான். நல்லாப் படிக்கிறாளா என்று அவன் எதற்குக் கேட்க வேண்டும்? அவன் யார் கேட்பதற்கு? தாய்மாமன். காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டவன். அந்த உரிமையைக் கோர்ட்டு தள்ளுபடி செய்யவில்லை, அதைப் பற்றி யாரும் மனுப் போடவில்லை, அதனால் அது அப்படியே இருக்கிறது போலும். சுவரில் கை வைத்து நின்றார். சுண்ணாம்பு உள்ளங்கையில் ஒட்டியது. அவன் ஏன் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தான்? ஜெயித்தவன் அவன். ஜெயித்தவனுக்கு இந்தப் புத்தகத்தால் என்ன லாபம்? லாபம் இல்லாமல் பஸ் ஏறி இவ்வளவு தூரம் வருகிறவனா?

இளவரசி அவனை மூன்று நாலு தடவை போய்ப் பார்த்திருக்கிறாள். விசாரணை என்பாள். திரும்பி வந்தால் கை கால் கழுவிவிட்டு, அம்மா செய்த சந்தகையைச் சத்தமில்லாமல் சாப்பிடுவாள். என்ன சொன்னான்? அதைச் சொல்லக் கூடாதுங்கப்பா. அப்பன்கிட்டயேவா? உங்ககிட்டத்தானுங்க முக்கியமாச் சொல்லக் கூடாது, நீங்க சொன்னதை அவருகிட்டயும் நான் சொல்றதில்லீங்க. ஒரே வீட்டுக்குள், ஒரே தட்டுக்கு எதிரே, எதிர்த்தரப்பின் வாக்குமூலத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பாவாயி அப்போதெல்லாம் இன்னும் ஒரு கரண்டி கூடுதலாக வைப்பாள். அதையும் அவர் கவனித்திருக்கிறார். ஒரு தடவை அப்படி வந்த அன்றைக்குத்தான் இளவரசி கேட்டாள்: அப்பா, சுவரு கட்டறதுக்கு முந்தின நாள் நீங்களும் மாமாவும் என்ன பேசிக்கிட்டீங்க? அவர் சொல்ல வாயெடுத்தார். ஒன்றும் வரவில்லை. சுவர் கட்டின அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தார், கொத்தனார் யார், எத்தனை வண்டி மணல் இறங்கியது, முதல் வரிசைக் கல் வைக்கும்போது அர்த்தநாரி எந்தப் பக்கம் திரும்பி நின்றான், எல்லாம் நேற்று நடந்த மாதிரி. முந்தின நாள் இல்லை. பலகைக்குத் துளை போட்டுக்கொண்டே வந்து ஒரு இடத்தில் முடிச்சு வந்துவிட்டால் துளைக்கருவி வழுக்கும், மறுபடி வைத்தால் மறுபடி வழுக்கும், அந்த மாதிரி. பேசினோமா? பேசியிருப்போம். அடுத்தடுத்து இருந்துகொண்டு பேசாமலா. டீ வந்திருக்கும். என்ன பேசினோம்? ஏதாவது வார்த்தை தடித்ததா? ஒன்றுமே தடிக்கவில்லையா? ஒன்றுமே தடிக்காமல் மறுநாள் சுவர் கட்டுவானா ஒருத்தன்? நெனப்பு இல்ல கண்ணு என்றார் அன்றைக்கு. சரிங்கப்பா என்று அவள் வேறு கேள்விக்குப் போய்விட்டாள். ஆனால் அந்தச் சரிங்கப்பாவில் ஒரு நிதானம் இருந்தது. பதில் ஏற்கெனவே கையில் இருக்கிறவள் காட்டுகிற நிதானம். அப்படியானால் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. அவன் சொல்லியிருக்கிறான். இவருடைய வாழ்க்கையின் ஒரு நாள் இவரிடம் இல்லாமல் அவனிடம் இருக்கிறது. தடத்தை எடுத்துக்கொண்டது பத்தாமல் அதையுமா?

கதவு திறந்தது. இளவரசி வெளியே வந்தாள்; நெற்றியில் வேர்வை, கையில் பேனா மூடியில்லாமல். தாவணி போட ஆரம்பித்த காலத்தில் பரீட்சைக்குப் போகும்போது இப்படித்தான் இருப்பாள். என்ன சொல்றாங்க? கேட்டுக்கிட்டே இருக்கறாங்கப்பா, மத்ததெல்லாம் ஒத்துக்கிட்டாங்க, இனி உங்க சம்மதம் மட்டுந்தான், ரெஜினா மேடம் உங்களைத் தனியாக் கூப்பிடறாங்க, நான் வரக் கூடாது. என்ன கேப்பாங்க? படிச்சுக் காட்டுவாங்க, புரிஞ்சுதான்னு கேப்பாங்க, புரியலீன்னா புரியலீன்னு சொல்லுங்க, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. வேண்டாம்னு சொன்னா நீ என்ன பண்ணுவே? அவள் பேனா மூடியைத் தேடிப் பையைத் துழாவினாள். தலைப்பை மாத்துவனுங்கப்பா என்றாள், முகத்தைத் தூக்காமல். அப்புறம், நீங்க எதுக்கு நிக்கறீங்க, உட்கார வேண்டியதுதானே என்றாள். பெஞ்சு சரியில்ல என்றார்.

உள்ளே பெரிய மேஜை. மற்றவர்கள் அந்தப்புறக் கதவு வழியாகப் போய்விட்டிருந்தார்கள். நாற்காலிகள் பின்னால் தள்ளிக் கிடந்தன. ரெஜினா மேடம் நரைத்த முடியை இழுத்துக் கட்டியிருந்தார், கழுத்தில் சின்ன சிலுவை. வாங்க ஐயா, உட்காருங்க. இங்கேயும் உட்காருங்க. உட்கார்ந்தார், நுனியில். ஃபோனை மேஜை நடுவில் வைத்துவிட்டு, பதிவு பண்ணிக்கலாமா என்று கேட்டார் மேடம். பண்ணுங்க. அப்புறம் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, செங்கோடன் வார்த்தையை விட்டுவிட்டு அதன் இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தலையே? இல்ல. எப்ப வேணாலும் விலகிக்கலாம், தெரியுமா? தெரியும், விலகினா நான் சொன்னது என்ன ஆகும்? அழிச்சுருவோம். அவன் சொன்னது? மேடம் முன்னாலிருந்த காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். அது அவருடைய சம்மதம் ஐயா, அவர் விலகாத வரைக்கும் அது இருக்கும். ஆ. இதுதான் பொறி. இதைத்தான் தேடிக்கொண்டிருந்தார். இவர் எழுந்து போனால் மேஜையில் அவன் மட்டும் உட்கார்ந்திருப்பான், இரண்டு தம்ளர் டீயோடு. நான் விலகல, எழுதிக்குங்க என்றார், எழுதுகிறவர் யாரும் இல்லை என்பது ஞாபகம் வராமல். அப்படின்னா சம்மதமா ஐயா? வாயால சொல்லணும். சம்மதம். தொண்டையில் ஏதோ உரசிக்கொண்டு வெளியே வந்தது அந்தச் சொல். அதை இதற்குமுன் எந்த இடத்திலும் அவர் சொன்னதில்லை என்று தோன்றியது. கல்யாணத்துக்குக்கூட அவரை யாரும் கேட்கவில்லை. இனி ஒண்ணே ஒண்ணு ஐயா. ஆய்வேட்டுல உங்க பேர் வராது, மாற்றுப் பேர்தான் வரும். அதை நாங்களே வெச்சுக்கலாம், உங்களுக்குப் பிடிச்ச பேர் இருந்தா நீங்களே சொல்லலாம், அது உங்க உரிமை.

என்ன பேர் வேணாலுமுங்களா? என்ன பேர் வேணாலும். பஸ்ஸிலிருந்து நெஞ்சுக்குள் கட்டி வைத்திருந்தது பிடி தளர்ந்தது. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள், ஓட்டை ஓட்டையாக அடைத்துக்கொண்டு வந்தவர்கள், இந்த ஒன்றைத் திறந்து போட்டுவிட்டார்கள். லாரியே நுழையும் இதில். பேர் போடக் கூடாது என்கிற புத்தகத்தில், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும், வக்கீல் பிள்ளைகள் எல்லாம் பார்க்கும்படி, அச்சில். முகத்தில் ஒன்றும் தெரியாமல் வைத்துக்கொண்டு, அப்பத்தான் யோசிக்கிற மாதிரி மேஜைக் கண்ணாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: அர்த்தநாரின்னு போட்டுக்குங்க. மேடம் நிமிர்ந்தார். நீங்களுமா? என்றார். சொன்ன கையோடு வாயை மூடிக்கொண்டு, ஃபோனை எட்டிப் பதிவை நிறுத்தினார். மின்விசிறி சுற்றியது. நானுமான்னா? ஒண்ணுமில்லை ஐயா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, அந்தப் பேரை வைக்க முடியாது, வழக்குல இருக்கற உண்மையான பேர் எதையும் வைக்கக் கூடாதுங்கறது விதி. அவனும் சொன்னானா? அவன் என் பேரைச் சொன்னானா? ஐயா, அதை நான் சொல்லக் கூடாது. செங்கோடன்னு போடச் சொன்னானா? மேடம் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கத் தெரியாத முகம் அது. நல்ல முகம், கோர்ட்டுக்கு லாயக்கில்லாதது.

பார்த்தீர்களா, எப்படிக் கணக்குப் போட்டிருக்கிறான். அவனுக்கு என் பேர் வைத்தால் புத்தகத்தில் சுவர் கட்டினது யார்? செங்கோடன். தடத்தை அடைத்தவன் செங்கோடன், சொந்தத் தங்கை புருஷன் பிழைப்பில் மண் போட்டவன் செங்கோடன். தான் கட்டின சுவரைக் கடைசியில் என் தலையில் தூக்கி வைக்கப் பார்த்திருக்கிறான் பாவி என்று கொதித்தது. கொதித்த வேகத்திலேயே இன்னொன்றும் கூடவே வந்து நின்றது. அப்படியானால் நான் அர்த்தநாரியாகிவிட்டால் பட்டறை போனது யாருக்கு? அர்த்தநாரிக்கு. பின்னால் சந்து இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டு ஏமாந்தவன் அர்த்தநாரி, மரக்கடையில் பலகை எண்ணினவன் அர்த்தநாரி, தோற்றவன் அர்த்தநாரி, படிக்கிறவன் ஐயோ பாவம் என்பதும் அர்த்தநாரியைத்தான். பட்ட பாட்டையெல்லாம் வாரி அவனுக்கே எழுதி வைக்கப் பார்த்தேனே. இதை யோசிக்கவே இல்லையே. யோசிக்காமல் எப்படி அந்தப் பேர் வாயில் வந்தது? வேறு பேரே வராததுதான் காரணமோ. இருபது வருஷமாக விடிந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் மனதுக்குள் யார் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாரோ அதுதானே கேட்டவுடன் வரும். அப்படிப் பார்த்தால் அவன் வாயிலும். அந்த இடத்தில் யோசனை நின்றது. அவனுக்கு எதற்கு என் பேர் வர வேண்டும், ஜெயித்துவிட்டுப் போனவனுக்கு? ஜெயித்தவன் தோற்றவன் பேரை வருஷக்கணக்காக வாயில் வைத்துக்கொண்டிருப்பானா? பழி போட வைத்திருந்தானா, வேறு எதற்காவது வைத்திருந்தானா? எப்படிச் சொல்லியிருப்பான், சிரித்துக்கொண்டா, கோபமாகவா, என்னைப்போல மேஜையைத் தடவிக்கொண்டா? ஏன் அந்தப் பேர்னு கேட்டீங்களாங்க அவனை? என்றார். மேடம் தலையை மட்டும் அசைத்தார். ஆமாம் என்றா, கேட்காதீர்கள் என்றா, தெரியவில்லை. வேற ஒரு பேர் சொல்லுங்க ஐயா. ஒன்றும் வரவில்லை. குலதெய்வத்தின் பேர்கூட வரவில்லை. நீங்களே ஏதாச்சும் நல்லதா வெச்சிருங்க, ஆனா அவனுக்கு வெக்கறதைவிட நல்ல பேரா இருக்கோணும் என்றார். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி பதிவைப் போட்டார். பேராசிரியர் தேர்வு செய்யும் பெயருக்குச் சம்மதம்னு ஒரு தடவை சொல்லிருங்க. சம்மதம் என்றார். இந்தத் தடவை உரசவில்லை.

நடையில் இளவரசி பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். சொல்லிட்டேன், உன் தலைப்பையே வெச்சுக்க என்றார். அவள் அவருடைய உள்ளங்கையிலிருந்த சுண்ணாம்பைத் தன் துப்பட்டா நுனியால் துடைத்தாள், சின்னப் பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி. படி இறங்கினார்கள். வெயில் சாய்ந்திருந்தது. பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்து, நிழலில் நின்று, இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, கூட்டம்னு எதுக்குங்கப்பா விடறீங்க, காலியாத்தானே போவுது என்று அவள் கேட்ட பிறகு, உங்க மாமன் பழைய வீட்டுலயேதான் இருக்கறானா என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். ஆமாங்கப்பா, எதுக்குங்க? ஒண்ணு கேக்கோணும் அவன்கிட்ட. சண்டை போடவாங்கப்பா? போய்த்தான் பார்க்கோணும். அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கப் பழகியிருந்தாள். அடுத்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் கேள்வியைச் சரிபார்த்துக்கொண்டார். எதுக்குடா என் பேரைச் சொன்னே? இல்லை, வேண்டாம், எதுக்கு என் பேரைச் சொன்னே? அதுவும் சரியில்லை. கதவைத் தட்டினால் கேள்விக்கு முன்னால் அவனைக் கூப்பிட வேண்டும். வாசலில் நின்று பிரதிவாதி என்றா கூப்பிட முடியும்? அவன் இவன் என்பதெல்லாம் முதுகுக்குப் பின்னால் செல்லும், முகத்துக்கு நேரே, பாவாயியின் அண்ணனை, தன்னைவிட மூத்தவனை, எப்படி? அதற்கு இருக்கிற சொல் ஒன்றுதான். அது இன்னும் வருகிறதா என்று, பக்கத்தில் யாரும் கேட்டுவிடாதபடி, பஸ்ஸின் இரைச்சலுக்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தார். மச்சான். என்னங்கப்பா என்றாள் இளவரசி. ஒண்ணுமில்ல கண்ணு, ஜன்னலைச் சாத்து, தூசி அடிக்குது என்றார்.